நான்காம் தூணின் நேர்கோடு

நான் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர்களுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். கான்கிரீட்டுக்குள் கடல் உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சொல்லும் கண்ணாடி இழை இப்போது வந்துவிட்டதாம். இழையின் நுனியில் ஏதோ ஒரு பூச்சு இருக்கும், உப்பு பட்டால் திரும்பி வரும் வெளிச்சம் மாறும். அதைத் தூத்துக்குடியில் ஒரு தோணித்துறைத் தூண்களில் பதிக்கப்போகிறார்கள். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்றார் பேசியவர். நான் மேடை ஏறினால் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்வேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தால், ஒழுங்காக முடிந்த வேலை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒழுங்காக முடிந்ததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மாட்டினோம், ஓடியது, வீட்டுக்கு வந்தோம். ஆகவே சொதப்பியதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோடு இம்மி கோணினாலும் முழுத் தாளையும் மறுபடி போடச் சொல்வார். அந்தப் புத்தி எனக்கும் வந்துவிட்டது. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எதுவும் ஆடக்கூடாது, தொங்கக்கூடாது, மிச்சம் வைக்கக்கூடாது. பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்தேன், பதினைந்து வருடம் ரசாயன ஆலைகளில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் கழற்றி மாட்டினேன், பிறகு சென்னைக்கு ஒரு மாதம் அனுப்பி இழை வேலை கற்றுக்கொடுத்தார்கள். என் படிப்பு இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக நாங்கள் அப்போது ஒட்டிய இழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை. அதில் ஒரு விரல்நகம் நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அடையாளங்கள் போட்டிருப்பார்கள். இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பினால் அந்த இடத்திலிருந்து ஒரே ஒரு நிறம் மட்டும் திரும்பி வரும். இழை இழுபட்டால் அந்த நிறம் ஒரு பக்கம் நகரும், சுருங்கினால் மறுபக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பெட்டி அளந்து சொல்லும். தூணில் இழையை ஒட்டினால், தூண் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று கரையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு சள்ளை உண்டு. வெயில் பட்டாலும் நிறம் நகரும். தூத்துக்குடி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இழை வைப்போம். ஒன்றைத் தூணோடு இறுக ஒட்டுவோம். மற்றதை மெல்லிய குழாய்க்குள் எதிலும் ஒட்டாமல் தளர்வாக விடுவோம். முதலாவது சுமை, சூடு இரண்டையும் சொல்லும். இரண்டாவது சூட்டை மட்டும் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சுமை மட்டும் மிஞ்சும். இந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான்.

என் மேலதிகாரி ஜெசிந்தா மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர், மணப்பாட்டுக்காரர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. தப்பு என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டார். கணினியில் வரைபடத்தைப் பார்க்கும்போது உட்காரமாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த எண்ணை வாய்விட்டு வாசிங்க" என்பார். வாசிப்போம். மறுபடி வாசிக்கச் சொல்வார். இரண்டாவது தடவை வாசிக்கும்போது பாதிப் பிழைகள் நமக்கே தெரிந்துவிடும். அப்புறம் எப்போதும் மூன்று கேள்வி. எங்க ஒட்டினது, யார் ஒட்டினது, யார் கூட நின்னு பார்த்தது. மூன்றாவதற்குப் பதில் இல்லாத வேலையை அவர் வேலையாகவே எடுத்துக்கொள்ளமாட்டார். ஒட்டும்போது இன்னொருவர் நின்று பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். எனக்கு அது சும்மா இழுத்தடிப்பாகத்தான் பட்டது. இத்தனை வருடம் வேலை செய்தவனுக்கு எதற்குக் காவல் என்று மனசுக்குள் பொருமுவேன்.

நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் ஓரமாக நாங்கள் ஒரு இழை போட்டிருந்தோம். தீப்பிடிக்குமுன் எந்த இடம் சூடாகிறது என்று மீட்டர் கணக்கில் அது சொல்லும். போட்ட முதல் வாரத்திலேயே மத்தியானம் பன்னிரண்டு தாண்டியதும் குறிப்பிட்ட ஒரே இடம் சூடு என்று மணி அடித்தது. பெல்ட்டை நிறுத்தினார்கள். ஒன்றுமில்லை. மறுநாளும் அதே நேரம், அதே இடம். உருளையில் பேரிங் போயிருக்கும் என்றார்கள், மாற்றினார்கள், மூன்றாம் நாளும் அடித்தது. பெட்டி கெட்டுப்போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு அந்த நேரத்துக்கு அங்க போய் நில்லுங்க நம்பி சார்" என்றார்.

நின்றேன். பெல்ட்டில் வேலை செய்யும் பேச்சிமுத்து அண்ணாச்சி, வீட்டிலிருந்து வந்த சுடுசோற்றுத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து எங்கள் இழை போகும் தட்டின்மேல் சாவகாசமாக வைத்தார். என்ன அண்ணாச்சி இது என்றேன்.

"இங்கன வச்சாத்தான் சார் எறும்பு ஏறாது. ஒங்க வயரு என்ன, கடிக்கவா செய்யுது?" என்றார்.

அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடம்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்தான் கோளாறு. இழை பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு தனியார் தோணித்துறையில் நான்கு தூண்களுக்கு இழை வைக்கும் வேலை வந்தது. கப்பல் வந்து அணையும் மேடையைத் தாங்கும் தூண்கள் அவை. படகில் போய், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, மேடைக்கு அடியில் நுழைந்து ஒட்ட வேண்டும். படகைப் பிடித்துக்கொள்ள மிக்கேல் வந்தான். அவன் அந்தத் துறையில் ஒப்பந்த முக்குளிப்பாளன். வாரம் இரண்டு நாள் தூண்களைத் தண்ணீருக்கு அடியில் சோதித்து எழுதிக் கொடுப்பது அவன் வேலை. முத்துக்குளித்து, பிறகு சங்கு குளித்த குடும்பம். தூண் நிற்கிற இடத்தில் கரித்தூளும் சகதியுமாகத் தண்ணீர் கலங்கித்தான் கிடக்கும். காமிரா இறக்கினால் படத்தில் கறுப்பு மட்டும்தான் தெரியும். மிக்கேல் கையால் தடவித்தான் பார்ப்பான்.

ஒட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். பிறகு கல் வைத்துத் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரால் மூன்று தடவை கழுவி, ஊதிக் காயவைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் துடைத்தால் எடுத்த அழுக்கை நீங்களே திரும்பப் பூசுகிறீர்கள். பென்சிலால் கோடு, கோட்டின்மேல் இழை, இழையின்மேல் பசை, பசையின்மேல் மெல்லிய தாள், தாளின்மேல் கட்டைவிரல். விரலை எடுக்காமல் இருநூறு வரை எண்ணுவேன். படகு ஆடினாலும் விரல் நகராது. மிக்கேல் வேடிக்கை பார்ப்பான். "அண்ணாச்சி, பச்சப்புள்ளைக்குப் பொட்டு வைக்க மாதிரில்லா வைக்கீய" என்பான்.

மூன்று தூண்கள் நன்றாக முடிந்தன. நான்காவதன்று கூட நின்று பார்க்க வேண்டிய பையன் காய்ச்சல் என்று வரவில்லை. கச்சான் காற்று வேறு பிடித்துக்கொண்டது. அது வீசுகிற நாளில் மேடைக்கு அடியிலும் அடுப்படி வெக்கைதான். இறுக ஒட்டும் இழையை ஒட்டி முடித்தேன். தளர்வான இழையின் குழாயை ஒரே ஒரு கிளிப்பில் மாட்ட வேண்டும், வாயை மெழுகு மாதிரியான கெட்டிப் பசையால் மூட வேண்டும். குழாய் அலையில் டிக் டிக்கென்று தூணில் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டிப் பசை டப்பாவிலும் அடியில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம். ஆனால் கிண்ணத்தில் கலக்கிய பசை பாதிக்குமேல் இருந்தது, அது வீணாகப் போகிறதே என்று இருந்தது. குழாய்க்கு அடியில் முழு நீளத்துக்கும் அந்தப் பசையை ஓட்டிப் பதித்தேன். வாயையும் அதனாலேயே அடைத்தேன். வெக்கையில் பசை தண்ணீராக ஓடும் என்பதும், குழாய்க்குள் இறங்கி இழையைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. குழாய் ஆடுவது நின்றதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"இனி சுனாமி வந்தாலும் அசையாது" என்றான் மிக்கேல். கூட நின்று பார்த்தவர் என்ற இடத்தில் அவனையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அப்புறம் நடந்ததை யோசித்தால் புரியும். இரண்டு இழையுமே தூணோடு சேர்ந்து இழுபட்டன, சேர்ந்தே சுருங்கின. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போதும் பூஜ்யம். மற்ற மூன்று தூண்களின் வரைபடமும் கப்பல் அணையும்போது துள்ளியது. நான்காவதில் மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. மூலையில் இருக்கிற தூண், அதில் சுமை குறைவு என்று நானே காரணமும் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதினேன். உண்மையில் அந்தக் கோட்டைப் பார்த்து எனக்குப் பெருமை. என் வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று நினைத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு மிக்கேல் அறிக்கை கொடுத்தான். நான்காம் தூணில், தண்ணீருக்கு மூன்று ஆள் ஆழத்தில், சுண்டுவிரல் நுழைகிற அகலத்துக்குச் சாய்வாக ஒரு வெடிப்பு. மேடையை மூடினால் கப்பல்கள் வெளியே காத்து நிற்கும். ஆகவே துறையின் நிர்வாகம் எங்களிடம் கேட்டது. நான் ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன். நான்காம் தூணின் சுமையில் ஒட்டிய நாள்முதல் எந்த மாறுதலும் இல்லை. மேடம் நான்காம் தூண் ஒட்டுமுன்பே நீண்ட விடுப்பில் போயிருந்தார். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மிக்கேல் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தான்.

"வெரல் போச்சு அண்ணாச்சி. உள்ள போச்சு, எடுத்தேன். பொய்யா சொல்லுதேன்?"

அவனுக்கு வரைபடத்தைக் காட்டினேன். வெடித்திருந்தால் இந்தக் கோடு இறங்கியிருக்க வேண்டும், பார், ஒரு மயிரிழை இறங்கவில்லை என்று விளக்கினேன். அவன் திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது நீங்க ஒட்டுனதுதான? அன்னைக்கு நான் படகு புடிச்சேம்லா, அது?"

"அதேதான்."

"அப்ப சரி" என்று போய்விட்டான். இரண்டு நாளில், தான் பார்த்தது தவறாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லாத வெடிப்பைச் சொன்னவனை எப்படி இறக்குவது என்று ஒப்பந்தக்காரர் அவனுடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. அதையும் கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் எனக்கு விளங்கவைக்க முடியவில்லை.

மேடம் விடுப்பு முடிந்து வந்ததும் பழைய கோப்புகளை எல்லாம் வாசித்தார். ஒரு பெரிய கப்பல் அணைகிற நாள் பார்த்து, என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார். கப்பல் மேடையைத் தொட்டது. முதல் தூண் துள்ளியது, இரண்டாவது துள்ளியது, மூன்றாவது நன்றாகவே துள்ளியது. நான்காவது அசையவில்லை.

"நாலாவதை வாய்விட்டு வாசிங்க."

"பூஜ்யம் மேடம்."

"இன்னொரு தடவை."

"பூஜ்யம்."

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் சார்?"

"பதினெட்டு அடி" என்றேன். சொல்லி வாய் மூடுமுன் எனக்கே உறைத்தது. பதினெட்டு அடியில் ஒரு தூண் அப்படி அதிரும்போது பக்கத்துத் தூணுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்குமா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க ஒட்டினது?"

சொன்னேன்.

"யார் ஒட்டினது?"

"நான்தான் மேடம்."

"யார் கூட நின்னு பார்த்தது?"

அந்த இடத்தில் இருந்தது மிக்கேலின் கையெழுத்து. படிவத்தை எடுத்து அவரே பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே படகில் போனோம். குழாயின் வாயை உடைத்து, இழையின் வாலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். தளர்வான இழை என்றால் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். அது வரவில்லை. கல்லில் முளைத்த மாதிரி நின்றது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு நல்ல விஷயம், இரண்டு இழைகளும் தனித்தனியாகச் சொன்னவை எல்லாம் கணினியில் இருந்தன. நான்காம் தூணின் தளர்வான இழையை விட்டுவிட்டு, மூன்றாம் தூணின் தளர்வான இழையைக் கழித்துப் பார்த்தோம். பதினெட்டு அடி தள்ளியிருந்தாலும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். என் நேர்கோடு காணாமல் போனது. அதற்குப் பதிலாக மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும் கோடு ஒன்று வந்தது. நான்காம் தூண் தன் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது. அந்த மேடைமேல்தான் இத்தனை மாதமும் கிரேன் ஓடியது, நூறு பேர் நடந்தார்கள்.

நிர்வாகத்துக்கு அனுப்பிய புது அறிக்கையில், யார் தவறு என்று எழுதுகிற இடத்தை நான் பூசி மெழுகவில்லை. பசை ஊற்றியது நான், பதில் எழுதியது நான் என்று எழுதினேன். மேடம் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்திட்டார். அன்றே மேடையை மூடினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகும் என்று எதிர்பார்த்திருந்தேன், போகவில்லை. இழையை மூடுமுன் அதன் வாலை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது.

தூணைப் பழுதுபார்க்குமுன் வெடிப்பு எவ்வளவு நீளம் என்று யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும். மிக்கேலையே கூப்பிடச் சொன்னார் மேடம். நிர்வாகமும் பாஸைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் போன் செய்தபோது மிக்கேல் வரமாட்டேன், வேற ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டானாம். கோபம், இருக்காதா பின்னே, என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி ரோசம்மா கதவைத் திறந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கடலுக்கே போவல சார் அவுக. பாஸு இல்லன்னா என்ன, சங்குக்குப் போகலாம்லா? அதுக்கும் போவல. ஐஸ் கம்பெனில ஐஸ் கட்டி ஒடைக்காக. சோறு திங்கும்போதுகூட அந்தக் கையவே பாத்துட்டு இருக்காக. என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றாள்.

மிக்கேல் உள்ளேயிருந்து வந்தான். விரல் நுனிகள் ஐஸில் வெளுத்து வெடித்திருந்தன. நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குக் குழாயில் ஊற்றிய பசை, உள்ளே இறங்கியது, அந்தக் கோடு பொய், வெடிப்பு நிஜம் என்று வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இல்லை.

"ஏன் மிக்கேலு எழுதிக் குடுத்த? வெரல் போச்சுன்னு சொன்னியே. நான் சொன்னா நீ ஏன் கேட்ட?" என்றேன்.

"நீங்க ஒட்டுனத நான் பக்கத்துல நின்னு பாத்தவன் அண்ணாச்சி. இருநூறு எண்ணுத வரைக்கும் வெரல எடுக்கமாட்டீய. அப்படிப்பட்ட வேல தப்பா இருக்குமா? அப்ப என் கைலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். கீழ கண்ணு தெரியாது, எனக்குக் கைதான் கண்ணு. அதுவே பொய் சொல்லுதுன்னா எதை நம்பி எறங்க? அதான் எறங்கல."

அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என் வேலைமேல் வைத்த மரியாதைக்காக ஒரு மனிதன் தன் கையைக் கைவிட்டிருக்கிறான். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"அப்ப என் கை சரிதான?" என்று கேட்டான்.

"சரி."

"எழுதிக் குடுங்க."

"ஆபீசுக்கு எல்லாம் எழுதியாச்சு மிக்கேலு."

"ஆபீசுக்கு இல்ல. எனக்கு."

ரோசம்மா பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து வந்தாள். நான்காம் தூணில் மிக்கேல் கையால் கண்ட வெடிப்பு உண்மை, கருவி காட்டியது என் தவறு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதை நின்றபடியே மெல்ல வாசித்தான். மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அவள் வாசித்து முடித்து, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மிக்கேல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வெளுத்திருந்த விரல்களை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அண்ணாச்சி படகு?" என்றான்.